முயல் பார்க்க வந்தவர்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் கூடை. கடைகளில் தக்காளி அடுக்கி வைப்பார்களே, அந்த வகை. காம்பவுண்டு கேட்டின் உட்புறம், துணி காயப்போடும் கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து மூடியிருந்தது. உள்ளே ஒரு வெள்ளை முயல். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது சரிந்தும் இருந்தது.

பக்கத்தில் வீட்டுக்காரி அக்கா கையில் பால் பாக்கெட்டுடன் நின்றிருந்தார். சாவியால் என் ஜன்னல் கம்பியைத் தட்டி எழுப்பியது அவர்தான்.

"தம்பி, மாடியில உள்ளவ முயல விட்டுட்டுப் போயிட்டா, பாத்தியா?"

மாடி வீட்டில் பூட்டு தொங்கியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவனிடம் மனைவியும் மகளும் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எந்த வாரம் என்பதும் தெரியும். முயலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நாங்கள் இருவருமே கேட்டதில்லை.

கூடை இடுக்கில் ஒரு நோட்டுத் தாள் செருகியிருந்தது. மாடி வீட்டுச் சிறுமியின் கையெழுத்து, மூன்று வரி. அக்கா தாளைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தார்.

'இதன் பெயர் பிஸ்கட். கேரட் பிடிக்காது, முருங்கைக்கீரை பிடிக்கும். குளிப்பாட்டக் கூடாது.'

"பிள்ளைக்க எழுத்து கொள்ளாம்," என்று மெச்சினார். தாளைக் கொண்டுபோய் முன்னறையில் நாட்காட்டி தொங்கும் ஆணியில் குத்தினார்.

வடசேரியில், சந்தைக்குப் பின்னால் உள்ள சந்து ஒன்றில் இருந்தது அந்த வீடு. முன்வீட்டில் அக்கா தனியாக இருந்தார். மாடி வாடகைக்கு. பக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட சிறிய வீட்டில் நான் நான்கு வருடம் குடியிருந்தேன். அதைவிட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. அக்காவுக்கு அப்போது அறுபது வயது. ஓர் அரசு அலுவலகத்தின் கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்.

குடிபோவதற்கு முன்பே அந்தக் கவுண்டரில் அவரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவள் விண்ணப்பத்தை நீட்டியபோது மணி ஒன்று. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"சாப்பாட்டு நேரம். தகவல் சொல்லுதேன்."

"யாருகிட்டம்மா சொல்லுவிய? எனக்க பேரே இன்னும் கேக்கல்லியே."

அதற்குள் மரக்கதவு சாத்தியாயிற்று. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இரண்டு மணிவரை அங்கேயே நின்றாள்.

'தகவல் சொல்லுதேன்.' அவர் வாயில் இந்த இரண்டு சொற்களையும் நான் கேட்காத நாள் குறைவு. மீன்காரியிடம் சொல்வார், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களிடம் சொல்வார். நான் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னார். வீடு காலியாகக் கிடந்தது. வேறு யாரும் கேட்கவும் இல்லை. பத்தொன்பது நாள் கழித்துத் தகவல் வந்தது. இடையில் நான் இரண்டு முறை போய் நின்றேன். அந்த இரண்டு முறையும் டீ கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உட்காரும் செருப்புத் தைப்பவர் ஒருவர் இடது செருப்புக்கு மட்டும் கனமான அடி வைத்துக் கொடுத்திருந்தார். குடியிருந்தவன் என்பதால் அவர் நடப்பதை நான் தினமும் பார்த்தேன். விருந்தாளிகள் யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் வரும்போது அவர் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். டீ முன்கூட்டியே டீப்பாயில் இருக்கும். அவர்கள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் எழுவார். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

முயல் அங்கே இருந்தது இரண்டு மாதம் சொச்சம். அத்தனை நாளில் அக்கா அதைத் தொட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. வேளை தவறாமல் முருங்கைக்கீரை போட்டார். கூடைக்கு அடியில் விரிக்கும் செய்தித்தாளைக் காலையும் மாலையும் மாற்றினார். அது நான் வேலை பார்த்த பத்திரிகை.

"ஒனக்க பேப்பருக்கும் ஒரு உபயோகம் வந்துட்டு பாத்தியா?"

பிஸ்கட் என்று அவர் கூப்பிட்டதில்லை. 'அது' என்றே சொல்வார். நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தடவை சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? நல்ல எடமா பாத்துக் குடுத்திரணும்."

"யாராவது கேட்டா குடுத்துட வேண்டியதுதானே."

"கேட்ட உடனே குடுத்திருவாவளா? வரட்டும், பாத்துப் பேசித்தான் குடுக்கணும்."

குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட என்னை ஒரு விளம்பரம் எழுதச் சொன்னார். 'ஆரோக்கியமான வெள்ளை முயல், இலவசமாகக் கொடுக்கப்படும்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"ஆரோக்கியமானன்னு நம்ம சொல்லப்பிடாது. வாறவ பாத்துக்கிடட்டும். இலவசத்தையும் வெட்டு. இலவசம்னு போட்டா சட்டிய எடுத்துட்டுல்லா வருவான்."

கடைசியில் இப்படி நின்றது: 'வெள்ளை முயல் ஒன்று. நல்ல இடம் தேவை. குடும்பத்தோடு நேரில் வரவும்.' பதினோரு வருடம் பிறர் எழுதியதை வெட்டித் திருத்தியவன் நான். அவர் வெட்டிய பிறகு திருத்த எதுவும் மிஞ்சவில்லை. தொடர்புக்கு என் நம்பரைப் போடச் சொன்னார்.

முதலில் வந்தது சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. கூட மனைவியும் பத்து வயது மகனும். பையன் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. ஒரு துண்டு பூசணியும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கொண்டு வந்திருந்தார்கள். அக்கா நாற்காலியில் இருந்தார். டீப்பாயில் டீ, மிக்சர், நேந்திரங்காய் சிப்ஸ்.

"முயல் எங்கக்கா?" என்றார் கடைக்காரர்.

"முதல்ல சாயா குடியுங்க. வீடு சொந்தமா?"

"வாடகைதான். பத்து வருசமா ஒரே வீட்டுல இருக்கோம்."

"பத்து வருசமா வாடகைக்கு." அக்கா அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. "கூட யாரு உண்டு?"

"அம்ம உண்டு."

"நடமாட்டம் உண்டா?"

"படுக்கையிலதான்."

"அப்போ அவியள பாக்கதுக்கே ஆள் பத்தாது."

கடைக்காரரின் மனைவி டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். அக்கா பையன் பக்கம் திரும்பினார்.

"எந்திச்சு நில்லு பிள்ளே. அந்தா, கதவு வரைக்கும் நடந்து காட்டு."

"செருப்பு போட்டா, போடாமலா?" என்றான் பையன்.

பெற்றோர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "போடாம."

பையன் கதவுவரை போய்த் திரும்பி வந்தான். பிறகு முயலைக் காட்டினார். அவன் கூடை இடுக்கில் விரலை நுழைத்தான், முயல் மோந்து பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து அக்கா சொன்னார், "தகவல் சொல்லுதேன்."

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"காய்கறிக்காரனுக்கு போன் பண்ணிரு. ஒத்து வரல்லன்னு."

"காரணம் கேட்டா என்ன சொல்ல?"

"காரணம் சொல்லுக வழக்கம் இல்ல."

போன் செய்தேன். கடைக்காரர் காரணம் கேட்டார், தெரியாது என்றேன். எடைக்கல் விழும் சத்தம் கேட்டது.

"அம்ம படுக்கையில கெடக்கதுக்காண்டியா அண்ணாச்சி?"

அவர்கள் கொண்டு வந்த கீரையை முயல் இரண்டு நாள் தின்றது.

இரண்டாவதாகக் கேட்டவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகக் கட்டிய வீடு. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் விளையாட முயல் வேண்டும் என்றார். இந்த முறை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஆட்டோவில் கிளம்பினார், என்னையும் அழைத்துக்கொண்டு. வாசலில் இறங்கியதும் அந்தத் தம்பதியிடம், "நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாறேன்" என்றார். அப்படியே எல்லா அறைகளையும் பார்த்தார். சமையலறையில் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கினார். ஃபிரிட்ஜின் மேல் ஒரு விரலை ஓட்டி, விரலைப் பார்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா வேலைக்காரி வரல்ல," என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"நான் ஒண்ணும் கேக்கல்லியே," என்றார் அக்கா.

அங்கேயும் தகவல் நான்தான் சொன்னேன். மூன்று வாரத்தில் ஐந்து குடும்பங்கள் வந்தன, ஐந்துக்கும் நான்தான் சொன்னேன். சந்து முனை டீக்கடைக்காரர் என்னைக் கண்டால், "என்ன அண்ணாச்சி, முயலுக்கு ஜாதகம் பொருந்திச்சா?" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம் சாரல் பிடித்திருந்தது. அக்கா முன்னறையில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எல்லாரையும் தட்டிக்கழித்தால் எப்படி என்று கேட்டேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"என்னப் பதினேழு பேரு வந்து பாத்தாவ. இதே அறை. நீ இருக்கியே, அந்த நாக்காலிதான். சாயா குடிச்சிட்டு, தகவல் சொல்லுதோம்னுட்டு எந்திச்சுப் போவாவ. ஒருத்தனும் காரணம் சொன்னதில்ல. எங்க அம்ம தபால்காரனுக்க மணிச்சத்தம் கேட்டா அடுப்ப அப்பிடியே போட்டுட்டு வாசலுக்கு ஓடுவா."

ஒரு காம்பை ஒடித்துத் தனியாகப் போட்டார்.

"பன்னெண்டாவதா வந்தவனுக்க அம்ம, கெணத்துல போயி ஒரு தம்ளர் தண்ணி கொண்டா மோளேன்னா. எனக்கு அப்பமே தெரியும் எதுக்குன்னு. இந்தா, இங்க இருந்து பாத்தா கெணறு வரைக்கும் நேராத் தெரியும்லா. நான் வந்து சேரதுக்குள்ள முக்காவாசி சிந்திப் போச்சு. பொறவு தங்கச்சி போயி ஒரு தம்ளர் கொண்டாந்தா. அவ சிந்தல்ல."

"அப்புறம்?"

"அவளக் கேட்டாவ. குடுத்தாச்சு."

"உங்க தங்கச்சியையா?"

"எனக்கு வேற தங்கச்சி உண்டா? திருவட்டாத்துல நல்லா இருக்கா. அவனும் நல்ல மனுசன்தான்." கீரையைச் சட்டியில் தள்ளினார். "பதிமூணாவது ஆளுல இருந்துதான் எண்ணத் தொடங்கினேன். முன்ன உள்ளத விரல மடக்கிக் கூட்டிக்கிட்டேன்."

அந்தத் தங்கை மறுநாளே போன் செய்தார். வாட்ஸப்பில் சுற்றிய முயல் படம் திருவட்டாறுவரை போயிருந்தது. தங்கையின் மகளும் மருமகனும் வெளிநாட்டில் இருக்க, ஏழு வயதுப் பேத்தி தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாள். முயல் வேண்டுமென்று அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். சொந்த அக்கா வீட்டு முயல், கேட்டால் கிடைத்துவிடும் என்று தங்கை நினைத்திருக்கிறார்.

"குடும்பத்தோட வரட்டும்," என்றார் அக்கா என்னிடம். "எல்லாருக்கும் உள்ளதுதான் அவியளுக்கும்."

சனிக்கிழமை பத்து நாற்பதுக்கு வந்தார்கள். தங்கையின் கணவர் வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. கையில் ஒரு கூண்டு. கம்பி வலையை வளைத்து அவரே செய்தது, நீலப் பெயின்ட் அடித்திருந்தார். பெயின்ட் வாசனை போகவில்லை. சிறுமி லீவு நாளிலும் பள்ளிக்கூட ஷூ போட்டிருந்தாள். அக்கா நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலியில் உட்காரப் போன கணவர் ஒரு கணம் நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

"சொகமா மைனி?"

"இருக்கேன். சாயா எடுங்க. வீடு சொந்தமா?"

அவர் சிரித்தார். "என்ன மைனி, ஒங்களுக்குத் தெரியாததா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சொந்தந்தான்."

"பகல்ல வீட்டுல யாரு உண்டு?"

"இவ உண்டு," என்று மனைவியைக் காட்டினார். சிரிப்பு போய்விட்டது.

அக்கா சிறுமியைப் பார்த்தார். "எந்திச்சு நில்லு மக்கா. கெணத்தடியில வாளியில தண்ணி கோரி வச்சிருக்கேன். ஒரு தம்ளர் கொண்டா. நிறைய வேணும்."

"எக்கா," என்றார் தங்கை. "பிள்ளைக்கிட்ட வேண்டாம்."

"பிள்ளைய நான் என்ன செய்தேன்? தண்ணிதானே கேட்டேன்."

சிறுமி ஷூவைக் கழற்றிவிட்டுப் போனாள். முன்னறையிலிருந்து பின்வாசல் வழியாகக் கிணறுவரை நேராகத் தெரிந்தது. தங்கையின் கணவர் மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, நாக்கைப் பல்லுக்கு இடையில் கடித்தபடி, அடிமேல் அடி வைத்து வந்தாள். இருபத்திரண்டு அடி.

"பெரியாச்சி, ஒரு சொட்டு சிந்தல்ல."

அக்கா தம்ளரை வாங்கித் தங்கையின் கணவர் முன்னால் வைத்தார்.

"குடியுங்க."

அவர் எடுத்துக் குடித்தார். முழுவதையும் குடித்தார்.

அதன் பிறகு அக்கா முயலைக் காட்டினார். பேரென்ன என்று சிறுமி கேட்டாள். தாளில் எழுதியிருக்கிறது, படித்துப் பார் என்றார் அக்கா. அவள் நாட்காட்டிக்குக் கீழே நின்று மூன்று வரியையும் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். 'குளிப்பாட்டக் கூடாது' என்பதை இரண்டு முறை படித்தாள்.

"அப்போ நாத்தம் அடிக்காதா பெரியாச்சி?"

"அது தன்னத்தானே நக்கிக்கிடும்," என்றார் அக்கா.

கிளம்பும்போது வழக்கமான இரண்டு சொற்கள். சிறுமி விடவில்லை.

"எப்பம் சொல்லுவிய?"

"ஆடி கழியட்டும். ஆடியில எதுவும் குடுக்கப்பிடாது."

கூண்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. காலிக் கூண்டோடு பஸ்ஸுக்குப் போனார்கள்.

எனக்கு வேலை மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன். அன்று முதல் தினமும் ஐந்து மணிக்குப் பாட்டியின் போனிலிருந்து சிறுமி கூப்பிட்டாள்.

"மாமா, தகவல் வந்திச்சா?"

"இல்ல மக்கா."

"இன்னைக்கு என்ன தின்னிச்சு?"

ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வேன். முருங்கைக்கீரை. வாழைப்பழத் தொலி. ஒரு நாள் ஒன்றும் தின்னவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்று ஆறு மணிக்கும் கூப்பிட்டாள்.

அக்காவிடம் சொன்னேன். "சொல்லியாச்சுல்லா, ஆடி கழியட்டும்," என்றார். முயலை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு திருவட்டாறு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அந்த எண்ணம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும், இது எப்படி முடிகிறது என்று பார்க்கத் தோன்றியது. என் வேலையில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது.

அவரை இரக்கமில்லாதவர் என்று எழுதிவிடவும் முடியாது. அதற்கு முந்தைய வருடம் எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தேன். ஒன்பது நாள், மூன்று வேளையும் என் வாசற்படியில் கஞ்சியும் பயறும் இருந்தன. கதவை ஒரு தட்டுத் தட்டுவார். நான் திறக்கும்போது ஆள் இருக்க மாட்டார். பத்தாம் நாள் நன்றி சொல்லப் போனேன். "பாத்திரத்த நல்லா வெளக்கல்ல நீ," என்றார்.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழம வளர்பிறை. பத்தரைக்கு மேல நல்ல நேரம். வரச்சொல்லிரு. குடுத்திரலாம்."

ஐந்து மணிக்குப் போன் வரும்வரை காத்திருந்து சிறுமியிடமே சொன்னேன். போன் எங்கோ விழுந்த சத்தமும் ஓடுகிற சத்தமும் கேட்டன.

சனிக்கிழமை மாலை அக்கா சந்தைக்குப் போய் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்தார். பூ வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஞாயிறு காலை ஏழு இருபதுக்குப் பின்பக்கம் புகை கண்டு போனேன். கிணற்றடியில் கல் கூட்டி, செம்புப் பானையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் அரைத்த மஞ்சளும் பயத்தம்பொடியும். கொடியில் வெளுத்த தோர்த்துத் துண்டு ஒன்று. பச்சைக் கூடையைக் கிணற்றுச் சுவரோரம் வைத்திருந்தார்.

"என்னக்கா இது?"

"குளிக்காம கொள்ளாம இன்னொரு வீட்டுல கேறப்பிடாது. அழுக்கோட அனுப்பினான்னு பேராயிரும்."

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பின்வாசல் வழியாக முன்னறை நேராகத் தெரிந்தது. ஆணியில் அந்தத் தாள் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். எனக்குச் சவரம் செய்ய வேண்டியிருந்தது. என் வீட்டுக்குள் போனேன்.

எட்டு ஐந்துக்கு வெளியே வந்தேன். அக்கா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மடியில் தோர்த்தில் சுற்றிய முயல். அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதன் ரோமம் உடம்போடு ஒட்டி, பாதி அளவுக்குச் சுருங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் ஏறியிருந்தது. சரிந்த காதின் உட்புறத்தை அவர் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெறைக்கி," என்றார். "வெயில் வந்தா சரியாயிரும்."

எட்டு நாற்பதுக்கு வெயில் வந்தது. ஒன்பது மணிக்கு நடுக்கம் நின்றது. ஒன்பது பத்துக்கு அவர் அதைக் கூடையில் படுக்க வைத்து, காய்ந்த தோர்த்தால் தலையோடு மூடினார். பிச்சிப்பூவைக் கூடையின் விளிம்பில் சுற்றிக் கட்டினார்.

"வரண்டாம்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"பஸ் ஏறியிருப்பாவ," என்றார்.

பத்து நாற்பதுக்கு வந்தார்கள். நீலக் கூண்டுக்குள் சிறுமி முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்திருந்தாள். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. ஆட்கள் வரும் நேரத்தில் அதைக் காலியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். சிறுமி உட்காரவில்லை.

அக்கா சமையலறையிலிருந்து தட்டில் டீயோடு வந்தார். காலில் செருப்பு இல்லை. ஒவ்வொரு இடது அடிக்கும் தட்டு சாய்ந்தது, டீ தம்ளர்களிலிருந்து தட்டில் தளும்பியது. அறையின் முழு நீளத்தையும் நடந்து தங்கையின் கணவர் முன்னால் வந்து நின்றார்.

"எடுங்க."

அவர் தட்டிலிருந்து கண்ணை உயர்த்தாமல் ஒன்றை எடுத்தார். தம்ளரின் அடியிலிருந்து வேட்டியில் சொட்டியது.

"பிஸ்கட் எங்க பெரியாச்சி?"

"சாயா குடிக்கட்டும்."

குடித்தார்கள். அக்கா கணவரிடம் பேசினார், சிறுமியிடம் இல்லை.

"தகவல் சொல்லணும்லா. இது ஒத்து வரல்ல."

"வரச்சொல்லிட்டு என்ன மைனி இது? என்ன காரணம்?"

"காரணம் சொல்லுக வழக்கம் இல்ல."

தங்கை எழுந்து பின்பக்கம் போனார். கிணற்றடியில் குனிந்து தோர்த்தைத் தூக்கியது முன்னறையிலிருந்தே தெரிந்தது. சிறுமி அப்போது நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"வா மக்கா, போவோம். முயல வேற ஆளு கொண்டு போயிட்டாவளாம்."

சிறுமி பாட்டியைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மாமா, குடுக்காவன்னு நீங்கதான சொன்னிய."

கணவர் கூண்டைத் தூக்கிக்கொண்டார். கேட்டுவரை கம்பி வலையிலிருந்து கீரை உதிர்ந்துகொண்டே போனது. அவர்கள் சந்து திரும்பியதும் அக்கா தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஆணியிலிருந்து தாளை உருவி, மடித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

மாலையில் அவர் கிணற்றடியில் பச்சைக் கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு என் போன் அடித்தது.

"மாமா, அத யாரு கொண்டு போனாவ?"

"தெரிஞ்ச ஆளுதான் மக்கா."

"அவிய வீட்டுல முருங்க மரம் உண்டா?"

அக்கா கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"கேட்டுத் தகவல் சொல்லுதேன்," என்றேன்.

மறுநாளும் ஐந்து மணிக்குப் போன் அடித்தது.